கேமரன் மலைக் குளிருக்கு எந்த நாய்?

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் நாய் வளர்க்கப் போவதாகச் சொன்னால் போதும், "ஹஸ்கி வாங்கு, உங்க ஊர் குளிருக்கு அதுதான் சரி" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். பெரும்பாலும் அவர் கீழே சமவெளியில் கிள்ளானிலோ பூச்சோங்கிலோ மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர். மலையிலேயே இருப்பவர்கள் அப்படிச் சொல்வது குறைவு. இங்கே நாயைப் படுத்துவதில் குளிருக்குப் பங்கு கொஞ்சம், ஈரத்துக்குத்தான் பெரும்பங்கு. எந்த நாய்க்கு அடர்த்தியான ரோமம் என்று தேடுவதைவிட, நனைந்தால் எது சீக்கிரம் காயும் என்று கேட்டு ஆரம்பிப்பது நல்லது. அந்தக் கேள்வியிலேயே பாதி நாய்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

குளிர் எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடலாம். மலையின் முக்கிய ஊரான தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர். ரிங்லெட் அதைவிடத் தாழ்வு, பிரிஞ்சாங் அதைவிட உயரம். தானா ராத்தாவில் பகலில் 22, 23 டிகிரி இருக்கும், இரவில் 15, 16க்கு இறங்கும். ஜனவரி, பிப்ரவரியில் விடியற்காலை இன்னும் கொஞ்சம் கடிக்கும். இந்த மலையில் அதிகாரபூர்வமாகப் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி. அது 1978 பிப்ரவரி 1ஆம் தேதி. சின்ன நாய்களுக்கும் மெல்லிய ரோமம் உள்ள நாய்களுக்கும் ஏறக்குறைய 7 டிகிரிக்குக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆக, இந்த ஊரின் சரித்திரக் குளிரே அந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது. உடம்பு காய்ந்து, வயிறு நிறைந்து, தரையிலிருந்து கொஞ்சம் உயர்ந்த படுக்கையில் சுருண்டிருக்கும் வளர்ந்த நாய்க்கு 15 டிகிரி ஒரு பொருட்டே இல்லை.

"காய்ந்து" என்ற அந்த நிபந்தனைதான் இங்கே கஷ்டம். ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற இடம் இது. காலையில் பனிமூட்டம், தேயிலைச் செடியெல்லாம் சொட்டும். பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். மதியத்துக்கு மேல் மழை, அப்புறம் இரவு வரை தூறல். நாயின் ரோமம் கதகதப்பாக இருப்பது அதன் இடையில் தங்கும் காற்றால். நனைந்தால் காற்று போய்த் தண்ணீர் உட்காரும், உடம்புச் சூட்டை அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தோலும் நாள் கணக்கில் ஈரமாகவே கிடந்தால் பாக்டீரியாவும் பூஞ்சையும் சேர்ந்து புண் வைக்கும், காது நாறும். இங்கே நாய் வளர்ப்பவர்கள் புலம்புவதும் சொறி, காது, புண் என்றுதான் இருக்கும். "குளிரில் விறைத்துப் போச்சு" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாய் மலையிலேயே இருக்கப்போவதில்லை. தீபாவளிக்கு அம்மா வீட்டுக்கு இறங்குவோம். பெரிய சிகிச்சை என்றால் ஈப்போவுக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும். தானா ராத்தாவிலிருந்து மலையடிவாரத் தாப்பாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர், முழுக்க வளைவு. இறங்கினால் 33 டிகிரி. ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறு டிகிரி என்று வெப்பம் மாறும். இரண்டு மணி நேரத்தில் நாய் இரண்டு பருவத்தைப் பார்த்துவிடுகிறது.

இப்போது ஹஸ்கி. சைபீரியாவில் சுக்சி மக்கள் பனிச்சறுக்கு வண்டி இழுக்க வளர்த்த நாய். 1925இல் அலாஸ்காவின் நோம் ஊருக்கு டிப்தீரியா மருந்து கொண்டுபோன ஓட்டத்தில்தான் உலகத்துக்கே பேர் தெரிந்தது. அதன் ரோமம் இரண்டு அடுக்கு. வெளியே நீளமானது, உள்ளே பஞ்சு மாதிரி நெருக்கமானது. உறைந்து காய்ந்த குளிருக்கு அது அருமையான உடை. பனித்துகள் மேலேயே நின்று உதிர்ந்துவிடும். ஆனால் இங்கே விழுவது உதிராது, ஊறும். ஒரு தடவை அடிரோமம் வரை நனைந்துவிட்டால் நம் வீட்டுத் துண்டுக்கெல்லாம் அது காயாது. ஊதி உலர்த்தும் இயந்திரம் வேண்டும், பொறுமையும் வேண்டும். வெயில் நாளில் சூடாகிறதே என்று ரோமத்தை மழித்துவிடுகிறார்கள் சிலர். இரட்டை ரோமத்தை மழித்தால் பழையபடி சரியாக வளராமலும் போகலாம், தோலும் வெயிலில் காயும்.

நியாயமாகச் சொன்னால், கோலாலம்பூர் அடுக்குமாடியில் இருப்பதைவிட ஹஸ்கி இங்கே நன்றாகத்தான் இருக்கும். வெப்பநிலையை மட்டும் பார்த்தால் குறை சொல்ல முடியாது. குறை அதன் குணத்தில். அது ஓட வேண்டிய நாய். மைல் கணக்கில் ஓடுவதற்காகவே வளர்க்கப்பட்டது. வேலிக்கு அடியில் தோண்டும், மேலே தாண்டும், ஒரு முறை வெளியே போனால் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. கோழியைக் கண்டால் கேட்கவே வேண்டாம். குரைப்பதைவிட ஊளையிடுவதுதான் அதிகம். சுவருக்குச் சுவர் ஒட்டிய, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டில், காலை ஐந்தரைக்கு வேலைக்கு எழும் பக்கத்து வீட்டுக்காரர் இரவு இரண்டு மணிக்கு அந்த ஊளையைக் கேட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். திருடன் வந்தால் வாலாட்டும் என்பது கூடுதல் தகவல். குட்டிக்கே ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் கேட்கிறார்கள். கூடப்பிறந்த நீலக் கண்ணுக்குக் கொடுக்கிற காசு அது.

ஹஸ்கி வேண்டாம் என்றதும் "அப்போ அக்கித்தா?" என்பார்கள். ஜப்பான் குளிர்ப் பகுதி நாய். கால்நடைச் சேவைத் துறையின் இறக்குமதித் தடைப் பட்டியலில் இருக்கிறது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அல்சேஷனை, அதாவது ஜெர்மன் ஷெப்பர்டைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. தோட்டப்புறத்தில் அதற்கு ஒரு பழைய மரியாதை உண்டு. மேனேஜர் பங்களா, தேயிலை ஆலை, ஸ்டோர் என்று காவலுக்குப் பார்த்துப் பழகிய நாய். 1899இல் ஜெர்மனியில் ஆட்டு மந்தைக்காக வகைப்படுத்தப்பட்ட இனம். நாள் முழுக்க வெளியே நிற்கும் உடம்பு, நிமிர்ந்த காது. அந்தக் காதுக்குள் காற்று போய்வருவதால் தொங்கு காது நாய்களுக்கு வரும் தொல்லை குறைவு. சொன்னதைப் பிடித்துக்கொள்ளும், வீட்டு ஆளையும் வெளி ஆளையும் பிரித்தறியும். ரோமம் இரண்டு அடுக்குதான், ஆனால் நீளரோம வகையைத் தவிர்த்தால் ஹஸ்கியைவிடச் சமாளிக்கலாம். பிரச்சினை இடுப்பில். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் அதிகம். நம் ஊரில் சமதரை எங்கே இருக்கிறது? வாசலுக்கே பத்துப் படி, கொல்லைக்குப் போக ஒரு சரிவு. ஏழெட்டு வயதில் 35 கிலோ நாய் பின்னங்காலை இழுத்துக்கொண்டு ஏற முடியாமல் நின்றால், தூக்கிக்கொண்டு போக ஆள் வேண்டும். வாங்கினால் தாய் தகப்பன் இரண்டையும் நடக்கவிட்டுப் பார்த்து வாங்குங்கள். முதுகு பின்னால் சரிந்து பதுங்கி நடக்கும் வகை வேண்டாம். கட்டுப்படுத்தப்பட்ட இனங்களின் பட்டியலில் அல்சேஷனும் இருப்பதால், உள்ளூர் மன்றத்தில் விதிமுறையைக் கேட்டுவிட்டுக் கையை நீட்டுவது நல்லது. சங்கிலியில் இருபத்து நான்கு மணி நேரமும் கட்டிப்போடத்தான் வாங்குகிறீர்கள் என்றால், வாங்கவே வேண்டாம். கட்டியே வளர்ந்த அல்சேஷன் காவல் நாய் ஆகாது, பயந்த நாய் ஆகும். கடிப்பது பயந்த நாய்தான்.

இனநாய்தான் வேண்டும், கையில் காசும் வேலி போட்ட இடமும் இருக்கிறது என்றால் என் ஓட்டு லாப்ரடாருக்கு. இதைக் கேட்டுச் சிலர் ஆச்சரியப்படுவார்கள். குளிர் நாய் என்றால் புசுபுசுவென்று இருக்க வேண்டும் என்ற எண்ணம். லாப்ரடாரின் மூதாதைகள் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு குளிர்ந்த தண்ணீரில் வேலை செய்தவை. ரோமம் குட்டை, நெருக்கம், எண்ணெய்ப் பிசுக்கு உள்ளது. உடம்பைச் சிலிர்த்து உதறினாலே பாதித் தண்ணீர் போய்விடும். துண்டால் நன்றாகத் துடைத்தால் மீதியும் போகும். பனிமூட்டத்துக்கும் தூறலுக்கும் இதைவிடப் பொருத்தமான ரோமம் கடையில் விற்கும் இனங்களில் எனக்குத் தெரியவில்லை. கோல்டன் ரிட்ரீவரும் தண்ணீர் நாய்தான். ஆனால் கால், வயிறு, வால் எல்லாம் நீளமான குஞ்சம். காய்கறிக் கொல்லைச் சேற்றில் ஒரு சுற்று போய்வந்தால் அந்தக் குஞ்சத்தில் அரைக் கிலோ மண் வீட்டுக்குள் வரும்.

லாப்ரடாரில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, தொங்கு காது. வாரம் ஒரு முறையாவது திறந்து பார்த்துத் துடைக்காவிட்டால் இந்த ஈரத்தில் கட்டாயம் சீழ் பிடிக்கும். இரண்டு, வயிறு. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லாப்ரடார்களில் ஏறக்குறைய கால்வாசிக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் ஒரு பகுதி இல்லாமல் இருப்பதைக் கண்டார்கள். சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே அவற்றுக்கு மறுபடி பசிக்கும். நம் வீடுகளில் பாட்டி ஒரு உருண்டை, பிள்ளை ஒரு பிஸ்கட், மத்தியானம் மிச்சச் சோறு என்று போனால் இரண்டு வருஷத்தில் பீப்பாய் ஆகிவிடும். அப்புறம் இதற்கும் இடுப்பு வலிதான். மூன்று, காவல். குரைக்கும், பெரிய உடம்பு, பார்க்கிறவனுக்குக் கொஞ்சம் பயம் வரும். அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

சின்ன நாய்களை வேகமாகப் பார்த்துவிடலாம். உடம்பு சிறுத்தால் எடைக்குத் தோல்பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் வெளியேறும். மினியேச்சர் பின்ஷர் மாதிரி மெல்லிய ரோம நாய்க்கு இரவில் சட்டை தேவைப்படும், அந்தச் சட்டையும் காய வேண்டும். டாக்ஸ்ஹுண்டின் வயிறு எப்போதும் நனைந்த புல்லில். ஷீட்சுவும் பூடிலும் வீட்டுக்குள் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. ரோமம் அதிகம் உதிராது, ஆனால் தலைமுடி மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். குட்டையாக வெட்டிவிட்டால் பராமரிப்பு எளிது. ஷீட்சுவுக்கு மூக்கு சப்பை என்பதால் கீழே இறங்கும்போதுதான் ஆபத்து. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது, சப்பை மூக்கில் அது சரியாக நடக்காது. மலையில் சொகுசாக இருந்த ஷீட்சு தாப்பா சாப்பாட்டுக் கடை வாசலில் மூடிய காரில் அரை மணி நேரம் இருந்தால் உயிருக்கே மோசம். வீட்டில் பகல் முழுக்க இருக்கும் வயதானவருக்குத் துணை வேண்டுமென்றால் மட்டும் இந்த வகையை நினைக்கலாம்.

கடைசியாக நாட்டு நாய். மார்க்கெட்டுக்குப் பின்னால், ஆலை வாசலில், லயத்து அஞ்சடித் தாழ்வாரத்தில் பார்க்கிறோமே, அதே பழுப்பு, அதே கறுப்பு, அதே வெள்ளைப் பாதம். பட்டியலில் கடைசியில் வைத்தாலும் பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரியான விடை. பன்னிரண்டு முதல் இருபது கிலோ எடை. சரிவு ஏறுவதற்கும் பாதகமில்லை, தேவைப்பட்டால் தூக்கிக் காரில் போடுவதற்கும் பாதகமில்லை. குட்டை ரோமம், நனைந்தால் பழைய துண்டு ஒன்று போதும். நீண்ட மூக்கு, அதனால் தாப்பா வெயிலையும் தாங்கும். பல தலைமுறை கலந்து வந்ததால் ஓர் இனத்துக்கே உரிய பரம்பரை நோய் குறைவு. வீட்டு வாசலை மூன்றே நாளில் தன்னுடையதாக்கிக்கொண்டு குரைக்க ஆரம்பித்துவிடும். காசும் இல்லை. தடுப்பூசி, கருத்தடை, பூச்சி மருந்து எல்லாம் சேர்த்தாலும் ஹஸ்கிக் குட்டி விலையைத் தொடாது.

குறையே இல்லையா என்றால் இருக்கிறது. குட்டியில் பார்த்து வளர்ந்தால் எப்படி வரும் என்று சொல்ல முடியாது. தெருவில் சுற்றியது என்றால் மனிதரைக் கண்டு பதுங்கும் பழக்கம் ஊறியிருக்கும், அது போக மாதங்கள் ஆகலாம். உண்ணி, குடல்புழு, சொறி மூன்றும் இலவச இணைப்பு. உண்ணியைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம், இரத்தத்தைக் கெடுக்கும் காய்ச்சல்களை அதுதான் கொண்டுவருகிறது. அதனால் என் யோசனை, இரண்டு மாதக் குட்டியைத் தூக்கி வருவதற்குப் பதில், ஒரு வயது தாண்டிய, இதே மலையில் வளர்ந்த நாயைப் பாருங்கள். அளவும் குணமும் கண்ணுக்குத் தெரியும். இங்கே ஒரு மழைக்காலத்தைக் கடந்து தோல் நன்றாக இருக்கிறதென்றால், அதைவிடப் பெரிய சான்றிதழ் எந்த விற்பனையாளரும் தரப்போவதில்லை.

இந்த மலைக்கென்றே ஒரு நாய் இருந்தது தெரியுமா? தெலோம் ஆற்றுப் பக்கத்துப் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்கள் வளர்த்த குட்டை ரோம நாய். தூண்மேல் கட்டிய வீட்டுக்கு ஏணிப்படி ஏறிப் போகும். 1963இல் ஓர் அமெரிக்க மானுடவியலாளர் ஒரு ஜோடியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். ஆற்றின் பேரால் தெலோமியன் என்று அங்கே அழைத்தார்கள். இன்று இனமாக அதைத் தேடி வாங்குவது நடக்காத காரியம். ஆனால் இந்த மண்ணில் தானாகத் தேறிய நாய் எப்படி இருந்தது என்று பாருங்கள். நடுத்தரத்துக்கும் சிறிது, குட்டை ரோமம், நிமிர்ந்த காது. புசுபுசு எங்கேயும் இல்லை.

வீட்டைப் பொறுத்தும் விடை மாறும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம், அதனால் ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். ஒட்டிய வீடு என்றால் அமைதியான வளர்ந்த நாட்டு நாய் ஒன்று, அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் மலாய்க் குடும்பமோ பங்களாதேஷ் தொழிலாளர்களோ என்று முஸ்லிம்கள் இருந்தால் நாய் அவர்கள் வாசலில் போய் முகராமல் பார்த்துக்கொள்வது வளர்ப்பவரின் வேலை. சின்னக் கேட் ஒன்று போட்டால் பாதிச் சண்டை வராது. காய்கறித் தோட்டத்துக்கு இரவுக் காவல் என்றால் அல்சேஷன் கலப்பு சரி, கூடவே எலி மருந்தும் நத்தை மருந்தும் எங்கே வைக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நத்தை மருந்து உருண்டை நாய்க்குத் தின்பண்டமாகத் தெரியும், தின்றால் வலிப்பு வந்து செத்தும் போகலாம். சொந்த வீடு, வேலி, பிள்ளைகள், தினமும் நடத்திக் கூட்டிப்போக ஆள் எல்லாம் இருந்தால் லாப்ரடார். ஹஸ்கிக்கு இதெல்லாம் இருந்தும் தினம் ஒரு மணி நேரம் கயிற்றோடு ஓடுகிற இளவட்டம் ஒருவர் வேண்டும், அவர் அடுத்த வருஷம் படிப்புக்குப் பினாங்கு போய்விடக் கூடாது.

எதை எடுத்தாலும் கூண்டு விஷயத்தில் ஏமாறாதீர்கள். நான்கு பக்கமும் தகரம் அடித்த கூண்டு இந்த ஊருக்கு ஆகாது. பகலில் வேகும், இரவில் உள்பக்கம் வேர்த்து நாயின் மேலேயே சொட்டும். பலகைக் கூண்டு, தரையிலிருந்து அரையடி உயரம், வாசல் மழைச்சாரல் அடிக்காத பக்கம், மேலே மட்டும் தகரம். லோரியில் சரக்கு வரும் மரத்தட்டு ஒன்று கிடைத்தால் அடித்தளம் முடிந்தது. மேலே காய்ந்த சாக்கு, அதை மாற்ற இன்னொன்று. சிமெண்டுத் தரையில் மட்டும் படுக்க விடாதீர்கள். தேயிலைக்குள் போய்வந்தால் விரலிடுக்கிலும் காதுக்குள்ளும் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். புண் ஏதாவது இருந்தால் அன்றைக்கே சுத்தம் செய்து மருந்து போடுங்கள். கோழி எரு போட்ட கொல்லைகள் பக்கத்தில் ஈ அதிகம், இரண்டே நாளில் புழு வைத்துவிடும்.

எலிக்காய்ச்சலுக்கு ஆண்டுதோறும் ஊசி கட்டாயம் போட வேண்டும். ஈரமான இடத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து நாய்க்கு வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரும். மாவட்ட மன்றத்தில் லைசென்ஸ் எடுத்து வில்லையைக் கழுத்துப் பட்டையில் மாட்டிவிடுங்கள், தெருநாய்களைப் பிடித்துப் போகிற லோரி வரும் நாளில் அது உதவும். விலங்கு நலச் சட்டம் 2015இன்படி உணவு, தண்ணீர், தங்குமிடம் தராமல் கொடுமைப்படுத்தினால் அபராதமே 20,000 வெள்ளியில்தான் ஆரம்பிக்கிறது.

குட்டியாகத்தான் எடுப்பேன் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் அக்டோபர், நவம்பரில் வேண்டாம். அதுதான் கனமழைக் காலம், தடுப்பூசி முடியாத குட்டியை ஈரத்தில் காப்பாற்றுவது சிரமம். பிப்ரவரி வாக்கில் எடுங்கள். குளிர் கூடுதல்தான், ஆனால் மழை குறைவு. முதல் சில வாரம் வீட்டுக்குள் அடுப்படிப் பக்கம் படுக்க வைத்தால் போதும்.